கம்பியற்ற கருவியின் கதை

நம் முன்னோரின் தச்சுப்பட்டறையில் துரப்பணம் என்றொரு கருவி இருந்தது. அதன் தண்டில் கயிற்றைச் சுற்றி, வில்லால் முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றி, மரத்தில் துளையிடுவார் தச்சர். கருவியை இயக்கிய ஆற்றல் அவருடைய தோளில் இருந்தது. தோள் ஓய்ந்தால் கருவியும் ஓய்ந்தது.

இன்று நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள கம்பியற்ற டிரில் அத்துரப்பணத்தின் வழித்தோன்றலே ஆகும். விசையை விரலால் அழுத்தினால் போதும், அது சுழல்கிறது. அதன் ஆற்றல் தோளிலும் இல்லை, சுவரிலுள்ள பிளக்கிலும் இல்லை. பிடியின் அடியில் செருகிய ஒரு சிறு பெட்டியில் அடைந்து கிடக்கிறது. நாம் கருவியைக் கீழே வைத்த பின்னும், அலமாரியில் பூட்டிவிட்டு வீடு திரும்பிய பின்னும், அவ்வாற்றல் அங்கேயே விழித்திருக்கிறது. அப்பெட்டியின் வரலாற்றை அறிந்தால், அதனிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

மின்கலம் பிறந்த விதம்

இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் வாழ்ந்த கால்வானி என்னும் அறிஞர், இறந்த தவளையின் கால் இரு வேறு உலோகங்கள் தீண்டியபோது துடிப்பதைக் கண்டு, தம் ஆய்வை 1791 ஆம் ஆண்டில் வெளியிட்டார். மின்சாரம் விலங்கின் உடலில் ஊறுகிறது என்பது அவர் கொள்கை. பாவியா நகரத்துப் பேராசிரியர் வோல்ட்டா அதனை மறுத்தார். இரு வேறு உலோகங்கள் சேர்ந்ததே மின்சாரத்துக்குக் காரணம் என்றார். சொன்னதோடு நில்லாமல், வெள்ளி வட்டுகளையும் துத்தநாக வட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, தொடர்ந்து மின்சாரம் தரும் அடுக்கு ஒன்றைச் செய்து காட்டினார். 1800 ஆம் ஆண்டில் லண்டன் அரச கழகத்திற்கு அவர் எழுதிய கடிதமே மின்கலத்தின் பிறப்புச் சான்றிதழ் எனலாம்.

ஆயின் வோல்ட்டாவின் கலம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீர்ந்த கலத்தை மீண்டும் நிரப்பும் வழியை, 1859 இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே கண்டார். கந்தக அமிலக் கரைசலில் ஈயத் தகடுகளை அமிழ்த்தி அவர் செய்த கலத்திற்கு, எதிர்த் திசையில் மின்சாரம் செலுத்தினால் மீண்டும் உயிர் வந்தது. மின்னேற்றி, அதாவது நாம் சார்ஜர் என்று சொல்லும் கருவிக்கு, அன்றே தேவை பிறந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த ஈயக் கலத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. என் சிறு வயதில் எங்கள் லயத்தில் இரவு சில மணி நேரமே ஜெனரேட்டர் ஓடும். தொலைக்காட்சி பார்ப்பதற்காகக் கார் பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கட்டிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டு செல்வார் என் தந்தையார். கடைக்காரர் அதன் மூடிகளைத் திறந்துவைத்துத்தான் மின்னேற்றுவார்; அருகில் யாரும் சுருட்டுப் பற்ற வைத்தால் சீறி விழுவார். காரணம் எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. ஈயக் கலம் நிறையும் தறுவாயில் அதிலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு எழும். அது வெடிக்கும் தன்மையுடையது. எனவே காற்றோட்டமும் நெருப்பை விலக்குதலும் அக்கலத்துக்குரிய ஒழுக்கமாயின.

கம்பியை நீக்கியவர்கள்

மின்சாரத்தால் இயங்கும் துளைக்கருவிக்கு 1889 இல் மெல்பர்ன் நகரில் ஆர்தர் ஆர்னட் காப்புரிமை பெற்றார். 1895 இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலிருந்த ஃபைன் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லும் கருவியாக அதனை மாற்றியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1910 இல் பிளாக், டெக்கர் என்னும் இரு நண்பர்கள் தொடங்கிய நிறுவனம், கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விரல்விசையும் அமைத்து, 1917 இல் காப்புரிமை பெற்றது. இன்றும் நம் கையிலுள்ள டிரில்லின் வடிவம் அதுதான்.

அக்கருவிகள் யாவும் நீண்ட மின்கம்பியை இழுத்துக்கொண்டே திரிந்தன. கம்பி தேய்ந்தால் மின்சாரம் தாக்கும். ஈர நிலத்தில் நின்றால் ஆபத்து. ஏணியில் ஏறினால் கால் தட்டும். இக்குறைகளைப் போக்க, அதே பால்டிமோர் நிறுவனம் 1961 இல் நிக்கல் காட்மியக் கலத்தால் இயங்கும் கம்பியற்ற டிரில்லை வெளியிட்டது. அமெரிக்க விண்வெளித் துறையே இதனைக் கண்டுபிடித்தது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அது பிழை. கருவி முன்பே பிறந்துவிட்டது. பின்னரே விண்வெளித் துறை அந்நிறுவனத்தின் உதவியை நாடியது. 1971 இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவின் தரையைத் துளைத்ததும் கம்பியற்ற டிரில்லால்தான்.

நிக்கல் காட்மியக் கலத்தை 1899 இல் படைத்தவர் சுவீடன் நாட்டு யுங்னர். ஒரு கலம் 1.2 வோல்ட்டு தரும்; எனவே 18 வோல்ட்டுக் கருவிக்கு 15 கலங்கள் வேண்டும். பாரம் மிகுதி, ஆற்றல் குறைவு. ஆயினும் அதற்கு ஒரு பெரும் பொறுமை இருந்தது. மெதுவாக மின்னேற்றினால், நிறைந்த பின்னும் சில மணி நேரம் தாங்கிக்கொள்ளும். ஆதலால் மாலையில் செருகிக் காலையில் எடுப்பது அக்காலத்து வழக்கமாயிற்று. பாதி இறங்கிய கலத்தை மீண்டும் மீண்டும் ஏற்றினால் அது சோர்ந்துவிடும் என்று கருதி, முற்றாகத் தீர்த்த பின்பே ஏற்றவும் கற்பித்தார்கள். அவ்வழக்கங்கள் அக்கலத்திற்கு ஏற்றவையே.

காட்மியம் நச்சு உலோகம். ஜப்பானின் தொயாமா வட்டாரத்தில் சுரங்கக் கழிவிலிருந்து ஆற்றில் கலந்த காட்மியமே மக்களின் எலும்பை முறித்த கொடிய நோய்க்குக் காரணம் என்று 1968 இல் அந்நாட்டு அரசு ஏற்றது. கம்பியற்ற கருவிகளுக்கான காட்மியக் கலங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஆம் ஆண்டு இறுதியுடன் விலக்கியது. அதற்கு முன்பே, 2005 அளவில், வேறொரு கலம் பட்டறைக்குள் நுழைந்துவிட்டது.

இலித்தியம் வந்தது

உலோகங்களுள் மிக இலேசானது இலித்தியம். 1970களில் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய விட்டிங்ஹாம் அதனைக் கொண்டு கலம் அமைத்தபோது, ஆய்வுக்கூடம் பலமுறை தீப்பற்றியது. தீயணைப்புப் படையினர் சலித்துப்போய், சிறப்பு மருந்துகளுக்குப் பணம் கேட்போம் என்று எச்சரித்தார்களாம். 1980 இல் ஆக்ஸ்போர்டில் குட்எனஃப் கோபால்ட்டு ஆக்சைடைப் பயன்படுத்திக் கலத்தின் வலிமையைக் கூட்டினார். 1985 இல் ஜப்பானிய அறிஞர் யோஷினோ, தூய இலித்திய உலோகத்தையே நீக்கிவிட்டு, இலித்திய அயனிகள் மட்டும் அங்குமிங்கும் செல்லும் கலத்தை உருவாக்கினார். மறு ஆண்டு, வெடிபொருள் ஆராயும் கூடத்திற்கு அதனை எடுத்துச் சென்று, கனத்த இரும்பை அதன்மேல் போட்டார். ஒன்றும் நேரவில்லை. தூய இலித்தியம் கொண்ட கலத்தின்மேல் போட்டபோது அது பயங்கரமாக வெடித்தது. 1991 இல் சோனி நிறுவனம் இலித்திய அயனிக் கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2019 இல் இம்மூவருக்கும் வேதியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் காண வேண்டியது ஒன்றுண்டு. வலிமை கண்டவர்கள் அதனோடு நிற்கவில்லை. அடக்கம் கண்ட பிறகே கலம் வெளியே வந்தது. அவ்வடக்கமும் சில எல்லைகளுக்கு உட்பட்டதாகும்.

18 வோல்ட்டு, 5 ஆம்பியர் மணி என்று எழுதிய பேட்டரியில் 90 வாட் மணி ஆற்றல் உள்ளது. 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் 452 மீட்டர் உச்சிக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 74 வாட் மணிதான். அதற்கும் மேற்பட்ட ஆற்றல் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருக்கிறது.

என் பிழை

இவ்வளவும் அறியாத காலத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடத்தி, புத்தக அலமாரிகளைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தோம். புதிதாக மலிவு விலையில் வாங்கிய இலித்தியப் பேட்டரி மாலையில் தீர்ந்துவிட்டது. அதற்குரிய மின்னேற்றியைக் காணவில்லை. என் பழைய டிரில்லின் மின்னேற்றி கையில் இருந்தது. இரண்டிலும் 18 வோல்ட்டு என்றே எழுதியிருந்தது. அதன் உருண்டை முனையும் துளையில் சரியாகப் பொருந்தியது. "இரவு முழுதும் ஏறட்டும், காலையில் பார்ப்போம்" என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போனேன். இளம் ஆசிரியனாக இருந்தபோது கற்ற வழக்கம் அது.

விடியுமுன் ஜாகா புகை நாற்றம் உணர்ந்து, முதன்மை விசையை அணைத்து, கதவைத் திறக்காமல் தீயணைப்பு நிலையத்தை அழைத்தார். மனிதருக்குத் தீங்கில்லை. ஓர் அலமாரியும், நான்காம் ஆண்டு மாணவர்களின் கட்டுரை ஏடுகள் இரண்டு கட்டும் கரிந்துபோயின. "ஐயா, என் ஏடு எங்கே?" என்று மறுநாள் ஒரு சிறுமி கேட்டபோது, கருவியின்மேல் பழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேர்ந்தது யாதெனில், இலித்தியக் கலத்தின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட்டு, ஐந்து கலம் சேர்ந்தால் 18. நிறையும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டை அடையும். பொதுவாக அதுவே எல்லை. அந்நிலையில் அதற்குரிய மின்னேற்றி மின்சாரத்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடும். என் பழைய மின்னேற்றிக்கு அந்த எல்லை தெரியாது. அது காட்மியக் கலத்தின் பொறுமைக்காகச் செய்யப்பட்டது. எல்லை மீறிய கலம் சூடாகும். உள்ளேயுள்ள மெல்லிய தடுப்புத் தாள் உருகும். எரியக்கூடிய திரவம் பற்றும். ஒரு கலத்தின் சூடு அடுத்ததைப் பற்ற வைக்கும். ஒரே எண், ஒரே முனை. ஆயினும் உள்ளே இருந்தது வேறொரு பரம்பரை.

நாம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, எந்தப் பேட்டரிக்கு எந்த மின்னேற்றி என்று அதனைச் செய்த நிறுவனம் கூறுகிறதோ அதனையே பயன்படுத்த வேண்டும். வாங்கும்போது மலேசியாவில் சிரிம் முத்திரையையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையையும் தேடுவது நன்று.

இரண்டாவதாக, மின்னேற்றும்போது விழித்திருக்க வேண்டும். ஆளில்லா வேளையிலும் உறங்கும் வேளையிலும் ஏற்றலாகாது. காகிதம், திரைச்சீலை, மெத்தை ஆகியவற்றை விட்டு விலகி, கல்தரை போன்ற எரியாத இடத்தில், வெளியேறும் வழியை மறிக்காமல் வைக்க வேண்டும். வேலை முடித்த பேட்டரி சூடாயிருந்தால் ஆற விட வேண்டும். ஏறத்தாழ 40 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஏற்றுவது தகாது. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பதும் தீது. இலித்தியத்தை முற்றாகத் தீர்த்து ஏற்ற வேண்டும் என்பதில்லை. நெடுநாள் வைப்பதாயின் பாதி நிறைந்த நிலையில் வைப்பதே நலம்.

மூன்றாவதாக, ஆணிகளோடும் சாவிகளோடும் பேட்டரியை ஒரே பையில் போடலாகாது. உலோகம் இரு முனைகளையும் இணைத்தால் தீப்பொறி எழும். கீழே விழுந்து நசுங்கியதை, நீரில் நனைந்ததை, வீங்கியதை மின்னேற்றவே கூடாது. முனைகளில் நாடா ஒட்டி, மின்கழிவு சேர்க்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக் குப்பையில் எறிதல் பிழை.

நான்காவதாக, துளைமுனையை மாற்றும்முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். கம்பியுள்ள கருவியில் பிளக்கைப் பிடுங்குவதை மறவாத நாம், கம்பியில்லை என்றதும் இதனை மறந்துவிடுகிறோம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவதும், மரத்தைக் கையால் பிடிக்காமல் இடுக்கியால் இறுக்குவதும் என்றும் மாறாத விதிகள்.

இத்தனைக்கும் மேல் புகை எழுந்தால், எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் மின்சாரத்தை நிறுத்தி, பிள்ளைகளை வெளியேற்றி, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழைக்க வேண்டும். அப்புகை நஞ்சு, அதனை நெருங்கிப் பேட்டரியைக் கையில் எடுக்க முயல்வது பேதைமை.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கதையை மாணவர்க்குச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம் மாணவர் பலர் நாளை கருவி பிடித்தே பிழைப்பர். விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவன், கருவி மாறும்போது என்னைப் போல் தடுமாறுவான். இலித்தியத்திற்குப் பின் வேறொரு கலம் வரும். அதற்கு வேறொரு விதி வரும். கையிலிருப்பது எந்தப் பரம்பரைக் கலம், அதற்குரிய மின்னேற்றி எது என்று கேட்ட பின்பே செருகும் வழக்கத்தை அவர்களுக்குப் பழக்கிவிடுவோமாக.