மீட்சி உணவு (நெடுந்தொலைவு மிதிவண்டியோட்டம்)

மீட்சி உணவு என்பது நெடுநேர உடலுழைப்பிற்குப் பின்னர், உடல் இழந்த ஆற்றலையும் நீரையும் உப்புக்களையும் ஈடுசெய்வதற்கும் தசைகளின் சிதைவைச் சீர்செய்வதற்கும் உட்கொள்ளப்படும் உணவு ஆகும். நெடுந்தொலைவு மிதிவண்டியோட்டத்தில் இது சிறப்பிடம் பெறுகின்றது. இத்தேவைக்கெனப் புரதப் பொடிகள், மாவுச்சத்துப் பானங்கள், ஆற்றல் கட்டிகள் எனப் பல பொருட்கள் உயர்ந்த விலையில் விற்கப்படுகின்றன. எனினும் பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தேவையான சத்துக்களை அரிசி, பயறு, கடலை, பால், முட்டை, வாழைப்பழம் போன்ற அன்றாட உணவுகளிலிருந்தே குறைந்த செலவில் பெறமுடியும்.

பின்னணி

நெடுந்தொலைவு மிதிவண்டியோட்டத்தின் பரவலான வடிவங்களுள் ஒன்று பிரெவே எனப்படும் ஓட்டமாகும். இது 1904 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஆடாக்சு கிளப் பாரிசியன் என்னும் பிரான்சிய அமைப்பின் விதிகளின்படி நடத்தப்படுகின்றது. இந்தியாவில் ஆடாக்சு இந்தியா ரான்டனர்சு அமைப்பு இவற்றை ஒருங்கிணைக்கின்றது. 200 கி.மீ தொலைவை 13 மணி 30 நிமிடத்திற்குள்ளும், 300 கி.மீ தொலைவை 20 மணி நேரத்திற்குள்ளும், 400 கி.மீ தொலைவை 27 மணி நேரத்திற்குள்ளும், 600 கி.மீ தொலைவை 40 மணி நேரத்திற்குள்ளும் கடக்கவேண்டும். இவை போட்டிகள் அல்ல, பரிசுத்தொகையும் கிடையாது. எனவே உணவுச் செலவை ஓட்டுநரே ஏற்கவேண்டியுள்ளது.

உடலில் நிகழ்வன

தசைகளிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைக்கோசன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகின்றது. பல மணி நேர ஓட்டத்தில் இச்சேமிப்பு பெருமளவு தீர்ந்துவிடுகின்றது. 1966 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களான பெரிசுட்ராம், உல்ட்மன் இருவரும் ஒரே மிதிவண்டியின் இருபுறமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைப்படையும்வரை மிதித்தனர். பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உட்கொண்டனர். உழைத்த காலின் தசையில் கிளைக்கோசன், ஓய்விலிருந்த காலில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்தது. உழைத்த தசையே மாவுச்சத்தை மிகுதியாக ஈர்க்கின்றது என்பது இதனால் தெளிவாயிற்று.

தேவையான அளவுகள்

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க, கனடிய உணவியலாளர் அமைப்புகளும் 2016 இல் இணைந்து வெளியிட்ட நிலைப்பாட்டில் பின்வரும் அளவுகள் கூறப்பட்டுள்ளன.

* மாவுச்சத்து: அடுத்த கடும் ஓட்டம் 8 மணி நேரத்திற்குள் இருப்பின், முதல் 4 மணி நேரத்திற்கு, மணிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் 1 முதல் 1.2 கிராம்.
* புரதம்: ஓட்டம் முடிந்தபின் கிலோவிற்கு 0.25 முதல் 0.3 கிராம். நாள் முழுவதற்கும் கிலோவிற்கு 1.2 முதல் 2 கிராம்.
* நீர்: இழந்த எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் 1.25 முதல் 1.5 லிட்டர், சிறுகச் சிறுக.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது மணிக்கு 60 முதல் 72 கிராம் மாவுச்சத்தும், ஒரு வேளைக்கு 15 முதல் 18 கிராம் புரதமும் ஆகும். அடுத்த ஓட்டம் மறுநாளோ அடுத்த வாரமோ எனில் விரைவு தேவையில்லை. வழக்கமான வேளை உணவுகளை நிறைவாக உண்டாலே சேமிப்பு நிரம்பிவிடும். ஓட்டம் முடிந்த அரைமணி நேரத்திற்குள் பொடி அருந்தாவிடில் பயிற்சி வீணாகும் என்னும் பரவலான நம்பிக்கை, வாரம் ஒருமுறை நெடுந்தொலைவு செல்பவர்களுக்குப் பொருந்தாது.

அன்றாட உணவும் ஆய்வுகளும்

2006 இல் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மிதிவண்டி வீரர்களுக்குக் கடும் பயிற்சிக்குப்பின் சாக்கலேட்டுப் பால், உப்புநீர்ப் பானம், மாவுச்சத்து மீட்சிப் பானம் ஆகியன வெவ்வேறு நாட்களில் கொடுக்கப்பட்டன. பால் அருந்திய நாளில் அவர்கள், மீட்சிப் பானம் அருந்திய நாளைவிட நீண்டநேரம் மிதித்தனர். உப்புநீர்ப் பானத்திற்கும் பாலுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

2015 இல் மொன்டானா பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வில், 90 நிமிட ஓட்டத்திற்குப்பின் பதினொரு பேருக்கு ஒருநாள் விளையாட்டு உணவுப்பொருட்களும் மற்றொருநாள் துரித உணவகப் பண்டங்களும் கொடுக்கப்பட்டன. கிளைக்கோசன் நிரம்பிய அளவிலும், அதன்பின் 20 கி.மீ ஓட்டத்திற்கு எடுத்த நேரத்திலும் வேறுபாடு இல்லை. இவை சிறிய எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்டவை. துரித உணவு உடல்நலத்திற்கு உகந்தது என்பதும் இதன் பொருளன்று. சத்தின் அளவு ஒன்றாக இருக்கும்போது, பொட்டலத்தின் பெயர் மீட்சியை மாற்றுவதில்லை என்பதே இவற்றின் பயனாகும்.

சிவகாசி வட்டாரத்தில் கிடைக்கும் உணவுகள்

விருதுநகர் மாவட்டம் சிவகாசியை அடுத்துள்ள நாரணாபுரம் போன்ற ஊர்கள் மழை குறைந்த, வெப்பமான நிலப்பகுதியில் அமைந்துள்ளன. வெடித் தொழிலுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் உதவிய இவ்வறண்ட வெயிலே மிதிவண்டி ஓட்டுநரின் வியர்வை இழப்பை மிகுதிப்படுத்துகின்றது. அதேவேளை, பருப்பு, நிலக்கடலை, எண்ணெய் ஆகியவற்றின் மொத்த வணிகத்திற்குப் பெயர்பெற்ற விருதுநகர்ச் சந்தை அருகிலிருப்பதால், மீட்சிக்குத் தேவையான பொருட்கள் சிறு மளிகைக் கடைகளிலும் கிடைக்கின்றன. 100 கிராம் பொருளிலுள்ள சத்துக்களின் தோராய அளவு வருமாறு.

* பொரிகடலை (பொட்டுக்கடலை): புரதம் 22 கிராம், மாவுச்சத்து 58 கிராம்
* நிலக்கடலை: புரதம் 25 கிராம், மாவுச்சத்து 26 கிராம், கொழுப்பு 40 கிராம்
* பாசிப்பயறு: புரதம் 24 கிராம், மாவுச்சத்து 57 கிராம்
* காணம் (கொள்ளு): புரதம் 22 கிராம், மாவுச்சத்து 57 கிராம்
* அரிசி (சமைக்காதது): புரதம் 7 கிராம், மாவுச்சத்து 78 கிராம்
* வாழைப்பழம்: புரதம் 1 கிராம், மாவுச்சத்து 27 கிராம்
* பசும்பால்: புரதம் 3 கிராம், மாவுச்சத்து 4 கிராம்

ஒரு கோழிமுட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. இரண்டு பெரிய வாழைப்பழங்கள், 50 கிராம் பொரிகடலை, ஒரு குவளை (250 மி.லி) பால் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 90 கிராம் மாவுச்சத்தையும் 20 கிராம் புரதத்தையும் தருகின்றன. இது 60 கிலோ எடையுள்ளவரின் முதல் வேளைத் தேவையை நிறைவுசெய்யும். பால் ஒவ்வாதவர்கள் இரண்டு முட்டைகளும் சோறும் உண்ணலாம். பயறுகளில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அரிசியில் லைசின் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் உண்பதால் இக்குறைகள் ஈடுசெய்யப்படுகின்றன. பொங்கல், இட்லி, பருப்புச்சோறு ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை.

2020 இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லப்பாகும் கொண்டு செய்யப்படுவது. எளிதில் கெடாது; சட்டைப்பையில் எடுத்துச்செல்ல ஏற்றது. எனினும் இதிலுள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், விரைவான மீட்சிக்குப் பழமும் சோறும் இதனைவிடச் சிறந்தவை. மெதுவான ஓட்டத்தின் இடையிலும் ஓட்டம் முடிந்து சில மணி நேரத்திற்குப் பின்னரும் கடலைமிட்டாய் ஏற்றது.

நீரும் உப்பும்

ஒரு லிட்டர் வியர்வையில் இழக்கப்படும் சோடியம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அரை கிராமுக்குக் குறைவாகவும் ஒன்றரை கிராமுக்கு மேலும் இருக்கக்கூடும். உப்பில்லாத நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் குருதியின் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு ஆகியன ஏற்படலாம். உப்பிட்ட மோர், நீராகாரம், உப்பு சேர்த்த எலுமிச்சைச் சாறு ஆகியன குறைந்த செலவிலான தீர்வுகளாகும். ஓட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது நீரிழப்பை அறிவதற்கு எளிய வழியாகும்.

உலக சுகாதார அமைப்பு 2002 இல் ஏற்ற வாய்வழி நீரேற்றக் கரைசலில், லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள்ளன. இது வயிற்றுப்போக்கிற்காக வகுக்கப்பட்டது. நீரையும் உப்பையும் ஈடுசெய்யுமேயன்றி ஆற்றலுக்குப் போதாது. இவ்வளவுகளுக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எசு என்று குறிப்பிடுவதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடைசெய்தது.

விலையை ஒப்பிடும் முறை

பொட்டலத்தின் மொத்த விலையைவிட, ஒரு கிராம் புரதத்தின் விலையை ஒப்பிடுவதே பொருத்தமானது. பொருளின் விலையை அதிலுள்ள புரதத்தின் கிராம் அளவால் வகுத்து இதனைப் பெறலாம். எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ பொரிகடலை 120 ரூபாய் எனக் கொண்டால், அதில் 220 கிராம் புரதம் இருப்பதால் கிராமுக்கு ஏறத்தாழ 55 காசு ஆகும். 750 கிராம் புரதமுள்ள ஒரு கிலோ பொடி 2,400 ரூபாய் எனக் கொண்டால் கிராமுக்கு 3 ரூபாய் 20 காசு ஆகும். பயறுப் புரதம் பால் புரதத்தைவிடக் குறைவாகச் செரிக்கின்றது என்பதால் ஒன்றரை மடங்கு உண்டாலும், செலவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. அந்தந்த ஊரின் விலையை இட்டு இக்கணக்கைச் செய்துகொள்ளலாம்.

பொடிகளுக்கு உண்மையான நன்மைகளும் உண்டு. எடை குறைவு, விரைவில் கரைதல், கெடாமை ஆகியன அவற்றுள் சில. கடை திறவாத நேரத்தில் நெடுவழியில் இருப்பவருக்கும், களைப்பினால் திண்ம உணவை உண்ண இயலாதவருக்கும் இவை பயன்படும்.

எச்சரிக்கைகள்

2000, 2001 ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளிலிருந்து பெறப்பட்ட 634 துணைஉணவுப் பொருட்களைச் செருமனியின் கோல்ன் நகர ஆய்வகம் சோதித்தது. அவற்றுள் 94 இல், பொட்டலத்தில் குறிப்பிடப்படாத இயக்குநீர்ப் பொருட்கள் காணப்பட்டன. ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் வீரர்கள் இதனால் தடை பெறக்கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், உடல் திரட்சிக்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது.

அன்றாட உணவுகளிலும் கவனம் தேவை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும் என்பதால் அதனை நீக்கிவிடவேண்டும். பயறுகளை ஒரே வேளையில் மிகுதியாக உண்டால் வயிற்று உப்பசம் ஏற்படும். புதிய உணவை நெடும் ஓட்டத்தன்று முதன்முறையாக முயலாமல் பயிற்சி நாட்களில் பழகிக்கொள்வது நல்லது. சிறுநீரக நோய், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் உள்ளவர்கள் புரதம், சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யவேண்டும். வெயிலில் ஓடியவருக்குக் குழப்பமோ மயக்கமோ ஏற்படின் அது உணவால் தீர்வதன்று. உடனே உடலைக் குளிர்வித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.