மிளகுத்தண்ணி போன வழி



லண்டனில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் ஓர் ஓட்டல் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். "மல்லிகடானி சூப், பிரிட்டிஷ் உணவுன்னு போட்டிருக்கான். இது என்ன டீச்சர்?" என்று கேள்வி. நம்ம மிளகுத்தண்ணிதானப்பா அது! அது கப்பலேறிய கதையில் புள்ளலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1780 செப்டம்பர் 10 அன்று நம் ஊர் வயல்களில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வளைத்துப் பிடித்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த மன்ரோ உதவிக்கு வந்து சேரவில்லை. பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே 1782-இல் இறந்தார். மற்றவர்கள் 1784 மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகே வெளியே வந்தார்கள். மாண்ட அதிகாரிகளுக்கு வைத்த நினைவுத் தூண்களில் ஏறி விளையாடி என்னிடம் திட்டு வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள்!

அதே போரில் ஹைதரிடம் சிறைப்பட்ட ஆங்கிலக் கடற்படைக்காரர் ஒருவர் எழுதியதாக 1784-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் சிறைச்சோறாக மிளகுத்தண்ணியும் கஞ்சியும் வருகின்றன. ஆங்கிலத்தில் இந்தச் சொல் காணப்படும் மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று. 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்தப் பாட்டை எடுத்துக்காட்டுகிறது. கைதிக்கு ஊற்றியது வெறும் மிளகு நீராகத்தான் இருந்திருக்கும்.

அது கெட்டியான பழுப்பு சூப் ஆனது வெள்ளைக்காரர் வீட்டு அடுப்பில். கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்பவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-இல் சென்னைச் சமையல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புளி, காய்ந்த மிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு என்று நம் பக்குவத்தை அதில் மரியாதையாகவே சொல்கிறார். ஆனால் சமையல்காரர் யாராக இருந்தாலும் அவருக்கு 'ராமசாமி' என்று ஒரே பெயர்! போரில் செத்த அதிகாரிக்குத் தூண் இருக்கிறது. அந்த சூப்பைக் கிண்டிய கைக்குச் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

அந்த ராமசாமிகள் கற்றுக்கொண்டது பிரெஞ்சுக்காரரின் பழுப்புச் சாறு. எஸ்கோஃபியே தம் 1903-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் 'எஸ்பஞோல்' என்று சொல்வதும் இந்த வகைதான். வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிலோ ஆட்டெலும்பை இரும்புச் சட்டியில் நன்றாகச் சிவக்க வறுத்து எடுங்கள். அதே சட்டியில் கால் கிலோ வெங்காயம், ஒரு கேரட், இரண்டு தக்காளி வதக்குங்கள். அடியில் பிடித்ததைத் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். ருசியே அதில்தான் இருக்கிறது, கழுவி ஊற்றிவிடாதீர்கள். எலும்பைத் திரும்பப் போட்டு, இரண்டரை லிட்டர் தண்ணீரில் நாலு மணி நேரம் சிறு தீயில் விட்டு, நுரையை எடுத்து வடிகட்டுங்கள். 50 கிராம் வெண்ணெயில் 50 கிராம் மைதாவை வேர்க்கடலைத் தோல் நிறம் வரும்வரை பொறுமையாக வறுத்து, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, ஒரு லிட்டராகச் சுண்டவிட்டால் ஆயிற்று.

மாவு சிவக்கச் சிவக்க மணம் ஏறும், கெட்டியாக்கும் சக்தி குறையும். மாவுச்சத்து சூட்டில் உடைவதுதான் காரணம். எலும்பும் வெங்காயமும் சிவப்பது வேறு. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வேலை அது. 1912-இல் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை விளக்கினார். குழம்புக்குத் தேங்காயும் சின்ன வெங்காயமும் சிவக்க வறுத்து அரைத்த நம் பாட்டிமாருக்கு மயார் பெயர் தெரியாது, கைப்பக்குவம் தெரியும்.

இந்தச் சாற்றில் தட்டிய மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவிட்டு, புளியைக் கடைசியில் கரைத்து ஊற்றினால் லண்டன் ஓட்டல் சூப் தயார். சைவக்காரர்கள் எலும்புக்குப் பதில் காளானைச் சிவக்க வறுத்துப் போடலாம். அதற்கு ஒரு மணி நேரம் கொதித்தால் போதும்.