வானூர்தி அறையின் வறண்ட காற்றும் தோல் பராமரிப்பும்

நெடுந்தூர வானூர்திப் பயணத்தில் உதடு வெடிப்பது, கன்னம் இழுப்பது, கைகளில் வெண்மை பூப்பது ஆகியவை பயணிகள் பலருக்கும் ஏற்படும் தொல்லைகள் ஆகும். வானூர்தி அறையின் மிகக் குறைந்த ஈரப்பதமே இதற்கு முதன்மைக் காரணம். வீடுகளில் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் இதமாகக் கருதப்படுகிறது. வானூர்தி அறையில் அது பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். இந்த வறட்சி வானூர்தியின் வளர்ச்சியோடு சேர்ந்தே வந்தது.

தாழப் பறந்த காலம்

1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சிக்குப் பயணிகள் சேவையைத் தொடங்கியது. பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. வானூர்திகள் தாழப் பறந்து, பல ஊர்களில் இறங்கிச் சென்றன. இரைச்சலும் குலுக்கலும் பயணிகளை வருத்தின. ஆனால் அவர்கள் சுவாசித்தது அந்தந்த நிலப்பகுதியின் காற்றையே.

அழுத்தமூட்டிய அறையின் வருகை

1940இல் சேவைக்கு வந்த போயிங் 307, அழுத்தமூட்டிய அறை கொண்ட முதல் பயணிகள் வானூர்தி ஆகும். 1952 மே 2 அன்று டி ஹாவிலண்ட் காமெட் இலண்டனிலிருந்து ஜோகானஸ்பர்க்குக்குப் புறப்பட்டபோது தாரை வானூர்திகளின் பயணிகள் சேவை தொடங்கியது. 1958இல் போயிங் 707 அதைப் பரவலாக்கியது. பயணம் 10 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறியது.

அந்த உயரத்தில் வெளிவெப்பநிலை ஏறத்தாழ −50 பாகை செல்சியசு. அவ்வளவு குளிர்ந்த காற்றில் நீராவி மிகச் சொற்பமே இருக்கும். இயந்திரத்தின் அமுக்கிகள் வழியாக அதை எடுத்து, பதப்படுத்தி அறைக்குள் செலுத்தும்போது அது வறண்ட காற்றாகவே வந்து சேர்கிறது. அறையில் இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி பயணிகளின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வருவது. இதனால் ஆட்கள் நெருக்கமாக அமரும் சிக்கன வகுப்பைவிட, இடம் தாராளமாக உள்ள முதல் வகுப்பு கூடுதலாக வறண்டிருக்கும்.

ஈரம் ஏன் சேர்க்கப்படவில்லை?

காற்றில் ஈரம் சேர்ப்பது தொழில்நுட்ப அளவில் இயலும். ஆனால் அதற்கான நீரைச் சுமக்க எடை கூடும். மேலும், ஈரமான காற்று குளிர்ந்த உடற்சுவரில் பட்டு நீர்த்துளியாகும், வெப்பக்காப்புப் போர்வைகள் நனையும், அலுமினியம் அரிக்கப்படும். எனவே வறட்சி உலோகத்துக்கு ஏற்றதாகவும் தோலுக்கு ஒவ்வாததாகவும் அமைந்தது.

சட்டமும் இதில் தலையிடவில்லை. அமெரிக்க விதிகளின்படி, அறையின் அழுத்தம் வழக்கமான பறப்பில் 8,000 அடி உயரத்துக்கு உரிய அளவைவிடக் குறையக் கூடாது. 1970களில் உயரப் பறந்த வானூர்திகளில் ஓசோனால் இருமலும் நெஞ்செரிச்சலும் ஏற்படுவதாகப் பணியாளர்களும் பயணிகளும் முறையிட்டனர். 1980இல் ஓசோனுக்கும் அங்கு வரம்பு வந்தது. ஈரப்பதத்துக்கு மட்டும் குறைந்தபட்ச அளவு விதிக்கப்படவில்லை. உயிருக்கு ஊறு இல்லாத தொல்லை என்பதால் அது பயணியின் பொறுப்பிலேயே விடப்பட்டது. பயணி அதை ஒரு நாள் பொறுத்துக்கொள்கிறார். வானூர்திப் பணியாளருக்கோ அதுவே அன்றாடப் பணியிடம்.

கரிம இழை தந்த மாற்றம்

2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இன் உடற்பகுதி பெரும்பாலும் கரிம இழைக் கலவையால் ஆனது. அலுமினியத்தைப் போல அது ஈரத்தால் அரிக்கப்படுவதில்லை. ஆகவே அறையில் சற்றுக் கூடுதலான ஈரப்பதமும், 6,000 அடிக்கு உரிய அழுத்தமும் இயன்றன. 2015இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ350உம் இவ்வழியில் சென்றது. எனினும் பயண நேரமும் நீண்டது. 2018இல் சிங்கப்பூர்–நியூயார்க் இடையே இடைநில்லாச் சேவை ஏ350 வானூர்தியில் மீண்டும் தொடங்கியது. அதில் பயணிகள் ஏறத்தாழ 18 மணி நேரம் அறைக்குள் இருக்கிறார்கள்.

தோலைக் காக்கும் முறை

நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறளாது என்பது பரவலான நம்பிக்கை. அறையின் வறட்சி உடலின் உள்நீரைக் குறைப்பதாகச் சான்று இல்லை என்றும், வழக்கத்தைவிட அதிகமாகக் குடிக்கத் தேவையில்லை என்றும் உலக நலவாழ்வு அமைப்பின் பயண வழிகாட்டி குறிப்பிட்டுள்ளது. தோலின் மேலடுக்கிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுப்பதே பயன் தரும். அதற்கான பொருள் வானூர்தியைவிடப் பழையது: வாசலின் களிம்புக்கு 1872இலேயே காப்புரிமை வழங்கப்பட்டது.

* முகம் கழுவி, ஈரம் முழுதும் உலருமுன் ஈரங்காக்கும் களிம்பு பூசிக்கொண்டு ஏறுவது நல்லது.
* உதட்டிலும் கைகளிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசலாம்.
* முகத்தில் வெறும் நீரைத் தெளிப்பதால் பயன் குறைவு. அது விரைவில் ஆவியாகிவிடும்.
* கரப்பான் எனப்படும் எக்சிமா உள்ளவர்கள் தங்கள் மருந்துக் களிம்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

2006இல் இலண்டனில் திரவ வெடிபொருள் சதி முறியடிக்கப்பட்ட பின், கைப்பையில் கொண்டுசெல்லும் நீர்மங்களுக்கும் களிம்புகளுக்கும் பல நாடுகள் 100 மில்லி லிட்டர் வரம்பு விதித்தன. ஆகவே களிம்பைச் சிறு குப்பியில் எடுத்துச் செல்வதே வழக்கமாயிற்று.