உல்லாசப் படகும் உணவுச் சிப்பியும்

தோ பாயோ என்னும் பெயர் பெருஞ்சதுப்பு எனப் பொருள்படும். முன்பாதி ஹொக்கியன் சொல். பின்பாதி சதுப்பைக் குறிக்கும் 'பாயா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. அவ்வட்டாரத்தின் ஓரமாக ஓடும் காலாங் ஆறும், நகர நடுவிலுள்ள சிங்கப்பூர் ஆறும் 1977 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் தூய்மை செய்யப்பட்டன. பன்றிப் பண்ணைக் கழிவும் தெருக்கடைக் குப்பையும் தடுக்கப்பட்டன. 1983-இல் தொங்கான்களும் சிங்கப்பூர் ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங்கிற்குச் சென்றன. இவையெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்த மாசுகள். தெரியாத மாசு ஒன்று அதே காலத்தில் உலகின் பல கடற்கரைகளில் பரவியிருந்தது. அதனைக் காட்டிக்கொடுத்தவை சிப்பியும் நத்தையும். பரப்பியவற்றுள் உல்லாசப் படகுக்கும் பங்குண்டு.

கடல்நீரில் நிற்கும் எக்கலத்தின் அடியிலும் கொட்டலசும் பாசியும் ஒட்டி வளரும். ஒட்டினால் வேகம் குறையும், எரிபொருள் வீணாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடற்படையினர் கப்பலடியில் செப்புத்தகடு பொதியத் தொடங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம். 1960-களில் டிரைபியூட்டில்டின் என்னும் தகரச் சேர்மம் கலந்த வண்ணப்பூச்சு வழக்கிற்கு வந்தது. அது சிறிது சிறிதாகக் கரைந்து, ஒட்ட வரும் உயிரைக் கொன்றது. கரைந்த நஞ்சு படகோடு நின்றுவிடுமா?

விடை பிரான்சு நாட்டில் கிடைத்தது. அந்நாட்டின் தென்மேற்கிலுள்ள ஆர்க்காஷோன் விரிகுடா சிப்பி வளர்ப்பிற்குப் பெயர் பெற்றது. கோடையில் ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகள் கூடுமிடமும் அதுவே. 1977 முதல் 1981 வரை அங்குச் சிப்பிக் குஞ்சுகள் நிலைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடு தடித்து, அடுக்கடுக்காய் உப்பியது. உள்ளிருக்கும் தசையோ சிறுத்தது. வளர்ப்போர் குடும்பங்கள் நொடித்தன. குளோட் அல்சியு முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து பூச்சின்மீது குற்றம் சாட்டினர். 1982-இல் பிரெஞ்சு அரசு 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அப்பூச்சைத் தடை செய்தது. குஞ்சுகள் மீண்டும் பிழைத்தன. இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. பிரிட்டன் 1987-இல் அவ்வழியைப் பின்பற்றியது.

பெருங்கப்பலை விட்டுச் சிறுபடகைத் தடுத்தது ஏன் என்று கேட்கலாம். உல்லாசப் படகு ஓடும் நாள் சில. கட்டிக்கிடக்கும் நாள் பல. அது கிடக்குமிடமோ ஆழங்குறைந்த, நீரோட்டம் மெலிந்த துறை. சிப்பி வளர்வதும் அத்தகைய நீரிலேயே. ஆகவே ஓட்டத்தைக் காட்டிலும் ஓய்வே கேடாயிற்று.

படகின் கழிப்பறை நீரையும் சிலர் பழிப்பர். நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி கிருமியையும் சேர்த்து வைக்கும் என்பது மெய்யே. எனினும் அவ்வகைக் கேட்டில் பெரும்பங்கு கரையிலிருந்து வரும் சாக்கடைக்கே உரியது. 1983-இல் சிங்கப்பூரில் கல்லீரல் அழற்சி பரவியபோது, காரணமாகக் கண்டறியப்பட்டது இறக்குமதியான கிராங் சிப்பி, படகன்று.

பூச்சின் கதை சிங்கப்பூரிலும் தொடர்ந்தது. 1990-களில் இத்தீவின் கரைகளிலும் ஜோகூர் நீரிணையிலும் எடுத்த பாறை நத்தைகளை ஆராய்ந்தபோது, பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு முளைத்திருக்கக் கண்டனர். ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே தகரச் சேர்மம் இருந்தாலும் சில இன நத்தைகளுக்கு இந்நிலை வரும். ஆனால் ஆர்க்காஷோனைப் போல இங்கே தீர்ப்புக் கூற இயலாது. பெருங்கப்பல்கள் நங்கூரமிடும் துறைமுகமும், அவற்றின் அடியைச் சுரண்டிப் பூசும் பட்டறைகளும் உள்ள ஊரில், பழி முழுவதையும் உல்லாசப் படகின்மேல் சுமத்துவது நேர்மையாகாது.

பெருங்கப்பல்களையும் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2001-இல் உருவாகி, 2008-இல் நடைமுறைக்கு வந்தது. இடைக்காலத்தில் செம்பும், இர்கரோல் என்னும் பாசிக்கொல்லியும் சேர்ந்த பூச்சுகள் பெருகின. சிங்கப்பூர்க் கடல்நீரில் தகரச் சேர்மத்தோடு இர்கரோலும் இருப்பதை 2002-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அதனையும் கலங்களில் புதிதாகப் பூசலாகாது என்னும் உலக விதி 2023 ஜனவரி முதல் நாள் நடப்பிற்கு வந்தது. செம்பு இன்றும் பூசப்படுகிறது.