சார் சொன்னால் சரியாக இருக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் உறவில் ஒரு தம்பி மகன் வீட்டுக்கு வந்தான். புதிதாக ஒரு நிறுவனமாம். லட்சம் போட்டால் மாதம் ஐயாயிரம் தருவார்களாம். "நீங்க பணம் போட வேண்டாம் பெரியப்பா. உங்க பழைய மாணவர் குரூப்ல ஒரு வரி எழுதுங்க, போதும். சார் சொன்னா சரியா இருக்கும்னு நம்புவாங்க" என்றான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

1995இல் பாளையங்கோட்டையில் ஒரு நிதி நிறுவனம் இருந்தது. பெயர் வேண்டாம். நூற்றுக்கு மூன்று வட்டி. நான் பத்தாயிரம் போட்டிருந்தேன். ஆறு மாதம் வட்டி தேதி தவறாமல் வந்தது. ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொன்னேன். எங்கள் கணக்கு வாத்தியார், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த ஒன்றரை லட்சத்தை எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினார். 1998இல் ஒரு திங்கட்கிழமை அந்த அலுவலகம் திறக்கவில்லை. அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

வரலாறு நடத்தியவன் என்பதால் இதன் வரலாற்றையும் சொல்கிறேன்.

இது புதிய வியாதி இல்லை. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் வங்கி மூடப்பட்டது. வெள்ளைக்காரர் வங்கி என்று நம்பிப் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முயன்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அர்பத்நாட் சிறைக்குப் போனார், சரி. ஆனால் ஒருவர் சிறைக்குப் போவதால் மட்டும் போட்டவர் கைக்குப் பணம் வந்துவிடுமா?

தொண்ணூறுகளிலும் இதே கேள்விதான். மோசடி என்றால் 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. ஆனால் ஏமாற்றும் எண்ணம் முதலிலேயே இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். "தொழிலில் நஷ்டம், நான் என்ன செய்ய" என்பார் முதலாளி. பணம் வேண்டுமென்றால் தனியாக சிவில் வழக்கு. அதற்குள் சொத்து மனைவி பேரிலும் மைத்துனன் பேரிலும் மாறியிருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1997இல் தமிழக சட்டமன்றம் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. பத்திரிகைகளில் 'டான்பிட்' என்று படித்திருப்பீர்கள். சொன்னபடி பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால் அதுவே குற்றம். நிர்வாகிகளுக்குப் பத்து ஆண்டு வரை சிறை. அதைவிட முக்கியம், அரசு சொத்தை முடக்கலாம். கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் பேருக்கு மாற்றியிருந்தால் அதையும் விடாது. சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் சொத்தை ஏலம் போட்டு, போட்டவர்களுக்குப் பங்கிடலாம். நம் தென்மாவட்டங்களுக்கு அந்த நீதிமன்றம் மதுரையில் இருக்கிறது.

நிதி நிறுவனக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இது மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் சட்டம் போட முடியாது என்று வாதாடினார்கள். இதேபோன்ற மகாராஷ்டிரச் சட்டத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2005இல் செல்லாது என்றது. நம் சென்னை உயர் நீதிமன்றமோ 2007இல் நம் சட்டம் செல்லும் என்றது. 2011இல் உச்ச நீதிமன்றமும் நம் பக்கமே தீர்ப்பளித்தது.

அண்ணாச்சி ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்தார். மதுரைக்கு எத்தனை தடவை பஸ் ஏறினார் என்று கணக்கில்லை. மகள் கல்யாணத்துக்குப் போட்ட பணம், பேத்தி காதுகுத்துக்குத்தான் வந்தது. அதுவும் பாதிக்கும் கீழே. கல்யாணக் கடனுக்கு அதற்குள் வயல் போயிருந்தது.

1997 சட்டம் பணம் போன பிறகுதான் வேலை செய்யும். அதனால் 2019இல் நாடாளுமன்றம், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களையே தடை செய்து ஒரு சட்டம் இயற்றியது. இப்போது ஏமாற்றும் வரை காத்திருக்க வேண்டாம். அப்படிப் பணம் வாங்குவதே குற்றம். தெரிந்தே பொய் வாக்குறுதி சொல்லி ஆள் சேர்த்துவிடுபவருக்கும் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை சிறை.

அந்தப் பிரிவைப் படித்தபோது ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. 1995இல் எனக்கு உண்மை தெரியாது. சட்டத்தின் முன் நான் குற்றவாளி இல்லை. ஆனால் தெரியாமல், விசாரிக்காமல் என் வாத்தியார் பேரை அடமானம் வைத்தேன். அந்த நிறுவனத்துக்கு முதல் போட்டது பணக்காரர்கள் இல்லை. என்னைப்போல, சொன்னால் நாலு பேர் நம்பும் ஆட்கள்தான்.

ஆகவே தம்பி மகனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். யாராவது திட்டம் என்று வந்தால், ரிசர்வ் வங்கி நடத்தும் 'சாசெட்' இணையதளத்தில் அந்த நிறுவனம் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்று பாருங்கள். ஏற்கெனவே போட்டு மாட்டியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ரசீதோடு பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

என் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் பணம் கேட்டால் எனக்கு உடனே போன் போடுங்கள். நான் யாருக்கும் அப்படி ஒரு வரி எழுதித் தரவில்லை. இந்தப் பதிவுதான் நான் எழுதும் வரி.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்