மருத்துவமனைத் தூய்மைப் பணியின் வரலாறு

மருத்துவமனைத் தூய்மைப் பணி என்பது நோயாளிகள் தங்கும் கூடங்கள், அறுவை அரங்குகள், கழிவறைகள் ஆகியவற்றைக் கழுவித் துடைத்து, அங்கு உருவாகும் கழிவுகளை அகற்றும் பணியாகும். இப்பணி மருத்துவமனைக்குள் தொற்று பரவுவதைத் தடுக்கிறது என்பது 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாக உணரப்பட்டது. அதைச் செய்பவரும் தொற்றுக்கு ஆளாகிறார் என்பதும், அவருக்குப் பாதுகாப்பு தேவை என்பதும் விதிகளில் இடம்பெற மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

குளோரின் கரைசலின் வருகை

இன்று மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் கிருமிநாசினி குளோரின் சேர்ந்த கரைசலாகும். 1820களில் பாரிஸ் மருந்தாளர் அந்துவான் லபராக், விலங்குக் குடல்களைப் பதப்படுத்தும் பட்டறைகளின் நாற்றத்தைப் போக்க இத்தகைய கரைசல்களைப் பயன்படுத்தினார். அப்போது நோக்கம் நாற்றத்தை நீக்குவதாகவே இருந்தது.

1847 மே மாதம் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணக்கூறாய்வு செய்துவிட்டுப் பிரசவக் கூடத்துக்கு வரும் மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். பிணவாடையை அது போக்கியதால் அதையே தேர்ந்தெடுத்தார். ஏப்ரலில் சுமார் 18 விழுக்காடாக இருந்த தாய்மார் இறப்பு, ஜூனில் சுமார் 2 விழுக்காடாகக் குறைந்தது. கிருமிக் கொள்கை நிறுவப்படாத காலம் என்பதால் அவரது விளக்கத்தைப் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை.

ஸ்குடாரி

கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் துருக்கியின் ஸ்குடாரி படை மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு வயிற்றுப்போக்கும் டைபசும் காலராவும் காயங்களைவிட அதிகமானோரைக் கொன்றன. கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றது. 1855 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் சுகாதார ஆணையம் சாக்கடைகளைக் கழுவி, குவிந்திருந்த குப்பையை அகற்றி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றோட்டத்தைச் சரிசெய்தது. பிப்ரவரியில் சுமார் 42 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் ஜூனில் சுமார் 2 விழுக்காடானது.

பின்னர் எழுதிய செவிலியர் கையேட்டில் நைட்டிங்கேல், உலர்ந்த துணியால் தட்டுவது தூசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதே என்று கண்டித்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். நோயாளிகள் உள்ள கூடங்களில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துடைப்பானால் துடைக்கும் இன்றைய முறைக்கும் அடிப்படை இதுவே.

கையுறையும் பொது முன்னெச்சரிக்கைகளும்

1889–90 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு அவரது கைகளைப் புண்ணாக்கியதே காரணம். ஆக, நோயாளியைக் காக்கும் கருவியாக இன்று கருதப்படும் கையுறை, கிருமிநாசினியிலிருந்து பணியாளரைக் காக்கவே அங்கு அறிமுகமானது.

எய்ட்ஸ் பரவிய பின், 1985இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், எந்த நோயாளியின் இரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்று அறிவுறுத்தியது. இது தூய்மைப் பணியாளருக்கு மிகவும் பொருந்துவது. குப்பைப் பையில் கிடக்கும் ஊசி யாருக்குப் போடப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. தடுப்பூசி போடாத ஒருவருக்குத் தொற்றுள்ள ஊசி குத்தினால் கல்லீரல் அழற்சி பி பரவும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை, எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு.

ஒப்பந்த முறையும் அதன் விளைவும்

1983இல் பிரிட்டன் அரசு, மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, சமையல் பணிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருமாறு சுகாதார அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. மருந்துகளை எதிர்க்கும் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி பரவியபோது இம்முறை கடும் விமர்சனத்துக்குள்ளானது. 2008இல் ஸ்காட்லாந்து அரசு, துப்புரவுப் பணியை இனித் தனியாருக்கு விடுவதில்லை என அறிவித்தது. அங்கு நுண்ணுயிரியலாளர் ஸ்டெஃபனி டான்சரின் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கூடங்களில் மாறிமாறி ஒரே ஒரு பணியாளர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கைபடும் இடங்களில் நுண்ணுயிர் மாசு 32.5 விழுக்காடு குறைந்தது.

இந்தியாவில்

இந்தியாவில் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 1998இல் வெளிவந்தன. 2016இல் புதிய விதிகள் அவற்றுக்கு மாற்றாக வந்தன. இவற்றின்படி உடற்பாகங்களும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையிலும், குழாய்கள் முதலிய நெகிழிப் பொருள்கள் சிவப்புப் பையிலும், ஊசிகளும் கத்திகளும் துளைக்க முடியாத வெள்ளைக் கலனிலும், கண்ணாடிப் பொருள்கள் நீலக்குறியிட்ட பெட்டியிலும் சேர வேண்டும். பிரிப்பது கழிவு உருவாகும் இடத்திலேயே நடக்க வேண்டும். செவிலியரோ மருத்துவரோ ஊசியைத் தவறான பையில் போட்டால், அதன் விளைவு பையைத் தூக்குபவரின் கையில்தான் முடிகிறது.

பணிமுறையும் இன்று வகுக்கப்பட்டுள்ளது. தூய்மையான பகுதியிலிருந்து அழுக்கான பகுதிக்கும், மேலிருந்து கீழுக்கும் துடைக்க வேண்டும். இரத்தமும் அழுக்கும் குளோரினின் வீரியத்தைக் குறைப்பதால், முதலில் அவற்றை அகற்றிய பின்னரே கிருமிநாசினி இட வேண்டும். குளோரின் கரைசலை அமிலத்துடன் கலந்தால் நச்சு வாயு வெளியேறும்.

தமிழ்நாட்டில் 2020இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என மாற்றப்பட்டது. கழிவைக் கையாளும் அனைவருக்கும் கல்லீரல் அழற்சி பி, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் போடும் கடமையை 2016 விதிகள் மருத்துவமனை நிர்வாகத்திடமே ஒப்படைத்துள்ளன. கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிய வழக்கமாக ஆறு மாதங்கள் ஆகும். அதற்குள் ஒப்பந்ததாரர் மாறினாலும் ஆள் மாறினாலும் தவணை விடுபடலாம்; ஆகவே இக்கடமை நிறைவேறுகிறதா என்பதை ஒவ்வொரு பணியாளரின் தடுப்பூசிப் பதிவேடே காட்டும்.