வாசலும் கரமும்: தொழுநோயர் மருத்துவ ஊழிய வரலாற்றில் ஒரு சிந்தனை

சங்ககிரிச் சமவெளிக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் கொல்லிமலையில் சிறுவயதில் வளர்ந்தவர் 1914ஆம் ஆண்டு பிறந்த பால் பிராண்ட். அவருடைய தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் அம்மலைவாழ் மக்களிடையே நற்செய்திப் பணியோடு மருத்துவப் பணியும் ஆற்றி 1929இல் காய்ச்சலால் மரித்தார். தாயார் ஈவ்லின் முதுமையிலும் மலையூர்களை விட்டகலாது 1974இல் தாம் மரிக்கும்வரை உழைத்தார். மருத்துவத்தை நாடிவர இயலாதாரிடம் மருத்துவமே சென்றது என்பது இக்குடும்ப வரலாற்றின் முதற்பாடம்.

பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். இதனை அறுவை மருத்துவத்தின் வெற்றியாகவே நாம் பெரும்பாலும் கூறிவருகிறோம். ஆனால் அக்காலத்தில் பொது மருத்துவமனைகள் தொழுநோயரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. பிற நோயாளர் அஞ்சி அகல்வர் என்று கருதின. எனவே முதலில் வாசலைத் திறக்கவேண்டியிருந்தது. விரல் நிமிர்ந்த பின்னரும் சிக்கல் தீரவில்லை. மடங்கிய கையைக் காட்டிப் பிச்சையெடுத்தவருக்கு நலமடைந்த கை வருவாயைக் குறைத்தது. வேலை கொடுப்பாரும் இலர். இக்காரணத்தாலேயே கைத்தொழில் பயிற்றும் நவஜீவ நிலையம் தோன்றிற்று.

அதே கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தினால் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அயல்நாடுகளில் பயின்று திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார். அதற்கென 1966இல் வேலூரில் தனி நிலையம் திறக்கப்பட்டது. உதவி பெறுவோர் என எண்ணப்பட்டவர் உதவி செய்வோராயினர்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மருத்துவமனையின் எப்பகுதியிலும் தடையிருத்தலாகாது எனக் கூறுவதோடு, தொழுநோயினின்று குணமானோரையும் தன் வரம்பில் சேர்த்துள்ளது. 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டிற்கே கொண்டுசெல்கிறது. அன்று இரக்கமாயிருந்தது இன்று உரிமையாயிற்று. அங்ஙனமாயின் திருச்சபையின் கடமை முடிந்துவிட்டதா?

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனின் வழியை அடைத்து நின்றவர்கள் போதனை கேட்க வந்த மக்களே. இதனை நாம் மறத்தலாகாது. சங்ககிரி வட்டாரத்தில் வீடு சந்திக்கும் போதகர், எவ்வீட்டில் எவர் எழ இயலாது கிடக்கின்றார் என்பதை அறிவார். அவரை அரசு சுகாதார நிலையத்தோடு இணைப்பதும், நம் மருத்துவமனைகளின் படிகளையும் ஆலயங்களின் படிகளையும் ஒரே அளவுகோலால் சோதித்தறிவதும் இவ்வரலாறு நம்மிடம் ஒப்புவிக்கும் ஊழியமாகும்.